ஜாமீன் மனுவில் ஒரு சொல்

தட்டச்சுப் பொறியின் சத்தம் பாதி வரியில் நின்றது.

“‘அசெம்பிள்டு’ன்னு போட்டிருக்கீங்களே சார்,” என்றார் விஜயலட்சுமி.

கைப்பிரதி என்னுடையது. நான் கள்ளக்குறிச்சியில் வக்கீலாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். சின்னசேலம் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டவர்களோடு வேடியப்பனையும் போலீஸ் பிடித்துப் போயிருந்தது.

அவனுடைய அம்மா தைலம்மாள் மேசையருகே நின்றிருந்தார். திங்கட்கிழமை அவன் வேலையில் சேர வேண்டும். அந்த வீட்டுக்கு வந்த முதல் அரசாங்க வேலை. அன்று வெள்ளி.

மனுதாரர் அங்கே இருந்தார் என்று சொல்லத்தான் அந்தச் சொல்லைப் போட்டிருந்தேன். அவன் மேல் இருந்த வழக்கோ சட்டவிரோதமாகக் கூடியது. சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் அதற்கும் அதே சொல். என் கட்சிக்காரனின் குற்றத்தை நானே ஒப்புக்கொண்டு எழுதியிருந்தேன்.

விஜயலட்சுமி இருபது வருடமாகக் கோர்ட் வாசலில் தட்டச்சு செய்கிறவர்.

‘கேதர்டு’ என்று மாற்றச் சொன்னேன். அதுவும் கூடியதுதானே என்றார். ‘ஸ்டாண்டிங்’ என்றேன். எதற்கு நின்றான் என்று அரசு வக்கீல் கேட்பாரே என்றார்.

பிறகு தைலம்மாள் பக்கம் திரும்பி, மகன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்று விசாரித்தார். அதுவரை நான் அதைக் கேட்கவே இல்லை.

“மாட்ட ஓட்டிக்கினு வந்தான் கண்ணு. கூட்டம் கலையட்டும், ரோட்டத் தாண்டலாம்னு பாத்துக்கினு இருந்தான்.”

விஜயலட்சுமி அடித்தார்: ‘வெயிட்டிங்’.

நின்றதற்கான காரணமும் அதிலேயே இருந்தது. பொய்யும் இல்லை. நான் படித்த சட்டப் புத்தகம் எதுவும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை.

கார்பன் தாள்களை உருவிப் பிரதிகளை அடுக்கினார். தைலம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வூட்டுக்காரர் நல்லா இருக்கணும் என்று வாழ்த்தினார். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்றும் கேட்டார்.

பஸ் ஓட்டுகிறார், இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார் விஜயலட்சுமி.

தைலம்மாள் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“அதே மறியல்லதாம்மா. மரத்துக்கிட்ட பஸ்ஸ நிறுத்தினாரு. தலையில கல்லு பட்டுச்சு.”

சொல்லிவிட்டு, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.