கதவைச் சாத்திக் கேட்டவன்

கீபோர்டு கடைக்காரரைப் பொறுத்தவரை, கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் திருடர்கள். பணம் கொடுத்து வாங்கிப் போனால், அன்றைக்கு வசதிப்படாத திருடர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

காலை பத்தரைக்கு ஒருவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு. கடைக்காரருக்கு அப்போதே பிடிக்கவில்லை.

"பியானோ சத்தம் மட்டும் கேக்கணும். மத்த ஐந்நூறு சத்தமும் வேண்டாம்," என்றான்.

கடையில் ஒன்பது கீபோர்டுகள் இருந்தன. முதலாவதில் கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது. உதட்டைப் பிதுக்கினான். இரண்டாவதில் மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம்தான்.

"இதுக்குப் பதிலா காலிங் பெல் வாங்கிக்கலாம்."

மூன்றாவது பரவாயில்லை, கீழ்க்கட்டைகளில் கொஞ்சம் உறுமல் இருந்தது. இப்படியே ஒன்பதையும் முடித்தான். கடைக்காரர் கொட்டாவி விட்டார். அதற்குப் பிறகுதான் அவன் அந்த வேலையைச் செய்தான்.

"இப்ப நீங்க வாசிங்க," என்று சொல்லிவிட்டுப் பின்னாலிருந்த சரக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கடைக்காரருக்குத் தெரிந்தது ஒரே ஒரு துண்டுப் பாட்டு. அதையே ஒவ்வொன்றிலும் வாசித்தார். உள்ளேயிருந்து, "இல்ல... இது பொம்மை... அடுத்தது," என்று குரல் வந்துகொண்டிருந்தது. எட்டாவதுக்குக் கதவு திறந்தது. வெளியே வந்தவனின் பாக்கெட்டுகளைக் கடைக்காரர் கண்ணாலேயே தடவிப் பார்த்தார். புடைப்பு எதுவும் இல்லை. அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"இதுதான். சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டா நிஜப் பியானோவேதான்."

"வீட்டுல யாரு சார் வாசிப்பாங்க?"

"என் சம்சாரம். தினம் சாயங்காலம் மூணு மணி நேரம். தெருவே கேக்கும்." குரலைத் தாழ்த்தினான். "இன்னையோட சரி. ஆனா தெருவுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

கடைக்காரர் கையிலிருந்த துடைக்கிற துணியைக் கீழே வைத்தார்.

"யாரும் தொடாம, அதுவா வாசிக்குமா?"

"பதிஞ்சு வச்சா வாசிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"திருப்பித் திருப்பி விட்டா, கரண்ட் இருக்கற வரைக்கும்."

"அவ்வளவு வேண்டாம். ராத்திரிக்குள்ள நான் ஊரைத் தாண்டிடுவேன்."

கொலை செய்யப் போகிறவனுக்குக் கொஞ்சமாவது அடக்கம் வேண்டாமா என்று கடைக்காரருக்கே எரிச்சலாக இருந்தது. வாரண்டிக்கு என்று சொல்லி முகவரி கேட்டார். தயங்காமல் எழுதினான், வழி தவறக்கூடாதே என்று படமும் வரைந்து கொடுத்தான். விலையில் ஒரு பைசா குறைக்கச் சொல்லவில்லை. அதோடு கடைக்காரருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. கொலைகாரனேதான்.

அவன் தெருமுனை தாண்டியதும் போலீசுக்குப் போன் போட்டார். முகம் தெரியாத ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடுகிறதே என்ற கவலை இருந்தது. கொலைக்கு உதவிய கீபோர்டு என்று பேப்பரில் கடைப் படம் வந்துவிடுமே என்ற கவலை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"ஆளை அடையாளம் காட்டணும். நீங்களும் ஏறுங்க பெரியவரே," என்றார் ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர்.

கடைக்காரர் கடையைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினார்.

அவன் வரைந்து கொடுத்த படத்தில் இருந்த தெருவுக்குள் திரும்பும்போதே பியானோ கேட்டது.

"நிஜப் பியானோ மாதிரியே இருக்கேய்யா!"

"நம்ம சரக்கு சார்," என்றார் கடைக்காரர், அந்த நிலைமையிலும்.

தட்டினார்கள். பதில் இல்லை. கதவை உடைத்தார்கள். வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லை. வெறும் தரையில் கீபோர்டு தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. அதற்கு வெளியே ஆறடி நீளத்துக்கு மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு மண்வெட்டி.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "முடிச்சிட்டான் பாவி."

கூட வந்த கான்ஸ்டபிளுக்கு முதுகுவலி. இன்ஸ்பெக்டருக்கு யூனிஃபார்ம் அழுக்காகும். ஆகவே கடைக்காரர் தோண்டினார். முழங்கால் ஆழம் போயிற்று. இடுப்பு ஆழம் போயிற்று.

"மெதுவா, மெதுவா. முகத்துல கொத்திடாதீங்க," என்று மேலே நின்று பொறுப்பாகச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

"நான் காலையிலயே போன் போட்டேன் சார். நீங்கதான் சாப்பிட்டுட்டு வந்தீங்க!"

"தோண்டுய்யா."

உள்ளே பாட்டு முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இதுபோல இனி அந்தப் பெண் வாசிக்கப்போவதில்லை என்று நினைத்தபோது கடைக்காரருக்குக் கண்ணோரம் ஈரமானது. வியர்வையாகவும் இருக்கலாம்.

அப்போது அவருடைய போன் அடித்தது. கடைக்கு எதிரே இருக்கும் வெல்டிங் பட்டறைக்காரர்.

"அண்ணே, கடைச்சாவியைத் தொலைச்சிட்டீங்களாமே? நீங்க சொல்லி அனுப்பினீங்கன்னு பூட்டை நான்தான் அறுத்துக் குடுத்தேன். காலையில உங்க கடையில வாசிச்சுப் பாத்துக்கிட்டிருந்தாரே, அவரும் அவர் சம்சாரமும் வேன்ல எல்லாத்தையும் ஏத்திட்டு இப்பத்தான் போறாங்க. நானும் ஒரு கை பிடிச்சேன்."

குழிக்குள் நின்றிருந்த கடைக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டார். பட்டறைக்காரர் நிறுத்துவதாக இல்லை.

"ஏத்தறதுக்கு முன்னாடி அந்தம்மா எனக்காக ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டினாங்கண்ணே, செத்தவங்ககூட எந்திரிச்சு உக்காந்துடுவாங்க!"