மலைக்காகத்தின் பதில்

கண்டி அலுவலகத்தில் அஹ்னாபுக்கு மூன்று வாரமாக ஒரே வேலை. கம்பனியின் மென்பொருளோடு சேர்த்துப் பாவிக்கக்கூடிய, வெளியார் எழுதிய நிரல் தொகுப்புகளைப் பட்டியலிட வேண்டும். எழுதியவர் கவனிக்காமல் விட்டதற்கு ‘கைவிடப்பட்டது’ என்று போட வேண்டும். கண் எரிந்தது.

“இது தமிழ்ப் பெயர்கள அகர வரிசையில அடுக்குற தொகுப்பு. எழுதினவர் மூணு வருஷமா எட்டியே பார்க்கல்ல,” என்றான் பக்கத்துக் கதிரையில் இருந்த தவமணியிடம். “புனைபெயர் மலைக்காகமாம். நூறு பேர் பிழை சொல்லியிருக்காங்க. பொறுப்பில்லாத மனுசன்!”

“சம்பளமில்லாத வேலை தம்பி. அலுத்துப் போயிருக்கும்.” புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் நின்றே வந்த களைப்பு தவமணியின் குரலில் இருந்தது.

“அப்ப ஏலாதுன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே அக்கா?”

தவமணி தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விதிப்படி மலைக்காகத்துக்குக் கடைசி மின்னஞ்சலை அனுப்பினான் அஹ்னாப்: ‘தொடர்வீர்களா, விட்டுவிடுவீர்களா?’

ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. நம்ப முடியாமல் சத்தமாக வாசித்தான்.

“‘இனி ஏலாது. கைவிடப்பட்டதுன்னே போட்டிருங்க. அந்தத் தேத்தண்ணி ஆறிப்போகுது, குடிங்க தம்பி.’”

அஹ்னாப் தன் மேசையிலிருந்த கோப்பையைப் பார்த்தான். பிறகு, பக்கத்துக் கதிரையை.