புகையை நம்பாதவர்

"வாத்தியாரே, நீங்க எழுதறதை உயிரோட இருக்கும்போதே காதால கேட்டுடணும். வேற ஆசை இல்லை" என்றார் கிழவர் தெங்.

லுவோ வாத்தியாருக்கு இது புதுசு. முப்பது வருஷமாக சீனாவின் ஹூனான் கிராமங்களில் சாவு வீடுகளுக்கு ஜிவென் எழுதுகிறவர் அவர். ஜிவென் என்பது இறந்தவரிடமே பேசுகிற இரங்கலுரை. சவப்பெட்டி முன்னால் ராகம் போட்டு வாசித்து, அங்கேயே கொளுத்திவிட வேண்டும். புகை போய்ச் சேர்ந்தால் சேதியும் போய்ச் சேர்ந்த மாதிரி. எனக்கு அந்தப் புகை மேல் நம்பிக்கை இல்லை என்று தெங் ஒரே பிடியாக நின்றார்.

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி ஹுவாய்ஜென் தலையில் அடித்துக்கொண்டாள். "கிழம் குத்துக்கல்லாட்டம்தான் இருக்கு. தனக்குத்தானே சவப்பெட்டி செஞ்சு வச்சு வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்கிறது போதாதாம், இப்ப இது வேற."

லுவோ தூரிகையை மையில் தோய்த்தார். தெங் சொல்லச் சொல்ல எழுதினார். வெள்ளம் வந்த வருஷம் ஹுவாய்ஜென் மாமியாரை முதுகில் சுமந்து மலையேறியது. இவர் சுரங்கத்தில் காலை உடைத்துக்கொண்டு கிடந்தபோது எருமையைப் பூட்டி அவளே உழுதது. இன்றைக்கும் மீனில் முள் எடுத்து இவர் கிண்ணத்தில் வைப்பது. எல்லாம் அவள் புராணம்தான். அவளோ நடுநடுவே, அது எருமை இல்லை, இரவல் மாடு என்று திருத்தினாள்.

லுவோவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, உங்களைப் பத்தி ஒரு வரியாவது வேண்டாமா?"

"என்னைப் பத்தி என்ன கிடக்கு? அவ சமைச்சா, நான் சாப்பிட்டேன்."

லுவோ ராகம் போட்டு வாசித்தார். ஹுவாய்ஜென் உரித்த வேர்க்கடலையைத் தின்ன மறந்து கேட்டாள்.

"அம்பது வருஷமா இதெல்லாம் மனசுல வச்சிருந்தியா, கிழவா?" என்றாள். முகம் கழுவ எழுந்து உள்ளே போனாள்.

வாசல் வரை வந்த தெங், லுவோ கையில் நாலு ஆரஞ்சுப் பழங்களைத் திணித்தார்.

"தாளைப் பத்திரமா வைங்க. பேரை மட்டும் மாத்திடணும்."

"யார் பேரை?"

தெங் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டார். "டாக்டர் அவளுக்குத்தான் கெடு வச்சிருக்கார், வாத்தியாரே. பசங்களும் நானும் அவகிட்ட சொல்லலை."