நாற்பது குடுவைகள்

டமார் என்று கோட்டைப் பீரங்கி வெடித்தது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு. பழவேற்காட்டுக் குப்பத்தில் வலை முடைந்துகொண்டிருந்தவர்கள், எதிரிப் பறங்கிக் கப்பல் தாக்க வந்துவிட்டதென்று போட்டது போட்டபடி ஓடினார்கள்.

வந்தது புத்தகம். டச்சுக் கோட்டை வைத்தியர் கொர்னேலிஸ் எழுதி, ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஆராய்ச்சி நூல் கப்பலில் இறங்கியிருந்தது. அதற்குத்தான் அவ்வளவு வெடிமருந்து.

நூலின் சாரத்தைத் துபாஷ் கோட்டை வாசலில் தமிழில் முழங்கினார். குப்பத்தின் நாற்பது வீட்டுக்காரர்களின் சிறுநீரும் மத்தியானம் வரை வைத்திருந்தால் மையாகக் கறுக்கிறது. தின்பது உடம்பில் சரியாக எரியாததால் வரும் கோளாறு அது. பெற்றவர் வழியாகப் பிள்ளைக்கு இறங்கும், மருந்து கிடையாது.

கூட்டத்தில் ஆரம்பாக்கம் தசரதன் நின்றிருந்தார். அவர் மகனுக்குத்தான் குப்பத்து நாகம்மாளின் மகள் காந்தாவை நிச்சயம் செய்திருந்தது. விறுவிறுவென்று நாகம்மாளிடம் வந்தார்.

"இன்னாம்மா இது? கறுப்பு மூத்திரம் போற வூட்டுலயா நான் பொண்ணு எடுக்கறது? எம் பேரப்புள்ளைங்க மை ஊத்திக்கினு திரியவா?"

"அது பொய்ண்ணே!"

"புஸ்தகத்துலயே போட்டுக்கீது. பொய்யின்னு அந்தத் தொர வாயால சொல்லட்டும். இல்லன்னா வெத்தில பாக்கு மாத்துனத மறந்துடு."

"வாண்ணே. நீயே வந்து கேளு."

நாகம்மாள் வைத்தியர் வீட்டு வேலைக்காரி. பெருக்குவது, தண்ணீர் தூக்குவது, ராத்திரி அவசரத்துக்கு வைத்த கட்டிலடிச் சட்டியை விடிவதற்குள் கொட்டிக் கழுவுவது எல்லாம் அவள் பாடு. ஒரு வருஷமாக மாதம் ஒருமுறை, வீட்டுக்கு ஒன்றாக நாற்பது சின்னக் குடுவைகளை நிரப்பி மேஜையில் வரிசையாக வைத்ததும் அவள்தான்.

வைத்தியர் பொய்முடியைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். எழுதி எழுதிக் காது மடலில்கூட மை ஏறிவிட்டதுபோல் நீலம். கீழே விழுந்த காகிதத்தை எடுக்கக் குனிந்தவர், "உப்புக்காற்று!" என்று முனகி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நாகம்மாள் எடுத்துக் கொடுத்தாள்.

"தொர, எம் பொண்ணு கல்யாணம் நின்னுடும் போலக்கீது. எங்க ஜனங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"முடியாது. நாற்பது குடுவை, நாற்பதும் கறுப்பு! ஐம்பது வயதில் உங்களுக்குக் காது நீலமாகும். முதுகு கட்டையாக விறைக்கும். என் ஊரில் இரண்டு கிழவர்களிடம் பார்த்திருக்கிறேன்."

"இந்தக் குப்பத்துல அப்பிடி யாரையாச்சும் பாத்தீங்களா?" என்றார் தசரதன்.

"நான் குப்பத்துக்குப் போனதே இல்லை. எதற்குப் போக வேண்டும்? ஆராய்ச்சி இந்த மேஜைமேல் அல்லவா நடக்கிறது!"

நாகம்மாள் தடாலென்று அவர் காலில் விழுந்தாள்.

"தப்பு எம்மேலதான் தொர. குப்பத்துல ஒருத்தருமே குடுக்கல. சூனியம் வெக்கவாடின்னு தொடப்பக்கட்டய தூக்கிக்கினு வந்தாங்க. வெறுங்கையோட வந்தா நீங்க வேலைய விட்டு ஓட்டிடுவீங்கன்னு, நாப்பதையும் நானே ரொப்பிட்டேன். பத்தாததுக்குத் தண்ணி கலந்தேன்."

வைத்தியரின் முகம் வெளுத்தது. ஒரே நொடிதான்; மறுபடியும் மலர்ந்துவிட்டது.

"அப்படியானால் நோய் குப்பத்துக்கு இல்லை, உனக்குத்தான்! உன் மகளுக்கும் இருக்கும்!" பேனாவை மையில் தோய்த்தார். "இரண்டாம் பதிப்பில் உன் பெயரையே போடுகிறேன்."

தசரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நில்லுண்ணே!" நாகம்மாள் பதறி எழுந்தாள். வைத்தியரின் காதையே ஒரு கணம் பார்த்தாள்.

"என்னுது இல்ல தொர… உங்க கட்டிலுக்குக் கீழ கீற சட்டியிலேருந்து ஊத்துனது."