அரித்துத் தின்ற வாய்

டிஷ்யூ காகிதத்தைப் பிரித்ததுமே பல் டாக்டர் மூக்கைச் சுளித்தார். உள்ளே அவர் கட்டிவிட்ட இம்ப்ளான்ட் பல் ஒன்று, முழுசாகக் கழன்று கிடந்தது. தாடையில் அதைப் பிடித்திருந்த டைட்டானியம் திருகு அரித்துக் கறுத்துப் போயிருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்ற ஆளின் கையில் பாதி குடித்த கலர் பாட்டில். வாய் நிறையப் பாக்கு, இந்தக் கடைவாய்க்கும் அந்தக் கடைவாய்க்குமாகக் கடமுடவென்று அரைபட்டுக்கொண்டிருந்தது. போதாதா நம் டாக்டருக்கு?

"டாக்டர், இது வந்து..."

"பேசாதய்யா, மேல தெறிக்குது! நீ குடிக்கிற கலரு சுத்த ஆசிட். அது போதாதுன்னு பாக்குச் சாறு வேற நாள் பூரா ஊறுது. கப்பல் நங்கூரத்தை நட்டு வெச்சாலும் அரிச்சுத் தின்னுடுமே உன் வாய்!"

கதவு ஆவென்று திறந்திருந்தது. யாரையாவது திட்டும்போது அதைச் சாத்துகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. வெளியே காத்திருப்பவர்களுக்கும் புத்தி வரட்டுமே என்கிற பரந்த மனசு!

"அதில்ல டாக்டர், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"என்னத்தச் சொல்லுவ? 'எப்பவாவது ஒண்ணுதான் போடுவேன்'னு சொல்லுவ. ஆடு மாடுகூட நடுநடுவுல வாயை மூடும்யா!"

"போட்டது மட்டச் சரக்கோ என்னமோ" என்றது வெளியே ஒரு பெண் குரல்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. எதிர்க் கட்டடத்தில் புதுசாக ஒரு பல் ஆஸ்பத்திரி போர்டு மாட்டியிருக்கிற நேரம். இந்தப் பேச்சு மட்டும் தெருவில் இறங்கினால் தொழில் அம்பேல். எழுந்து வாசல் வரைக்கும் வந்தே விட்டார்.

"மட்டமா? எங்க மாமியாருக்கே இதே சரக்குதாம்மா போட்டிருக்கேன். வெந்நீரைத் தவிர வேற எதையும் தொடாத வாய். அந்த வாயில இது அரிச்சிருந்தா, இன்னிக்கே என் போர்டைக் கழட்டிடறேன். எல்லாரும் சாட்சி!"

டாக்டர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, பெரிய மனசு பண்ணித் திரும்பினார்.

"ம், இப்பச் சொல்லு. என்னமோ இழுத்தியே?"

அந்த ஆள் பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"நான் வாடகைக் கார் டிரைவருங்க. பல்லு விழுந்த வாயோட மேல வரக் கூச்சமா இருக்குன்னு உங்க மாமியார் கீழ கார்லயே உக்காந்திருக்காங்க."