பக்கத்து நாற்காலி

பழைய ஃபிலிம் கேமரா வாங்கியதிலிருந்து வங்கி மேலாளர் வீட்டில் யாரும் சூடாகச் சாப்பிட்டதில்லை. "ஃபிலிம்லதான் உயிர் இருக்கு. யாரும் அசையாதீங்க!" என்று சாப்பாட்டு மேசை முன் ஒற்றைக் கண்ணை மூடி வெளிச்சத்தை அளந்துகொண்டே நிற்பார்.

முதல் சுருள் கழுவி வந்தது. எல்லாப் படங்களிலும் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் அவரே உட்கார்ந்து, அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தவன் நான். நான் எப்படி உள்ள வந்தேன்?"

"நான் பேசறதை இப்பதான் முதல்முறையா காது குடுத்துக் கேக்கறீங்க," என்று மனைவி படங்களை ரசித்துப் பார்த்தாள்.

அவர் படங்களை உறைக்குள் திணித்தார். மறுநாள் சாப்பாட்டு வேளையில் கேமராவைத் தொடவேயில்லை. நேராகப் போய் அந்த நாற்காலியை இழுத்தார். அது நகரவில்லை.

"அங்க ஆள் இருக்குங்க," என்றாள் மனைவி, அந்தப் பக்கம் தட்டை நகர்த்தியபடி. "நீங்க போய்ப் படம் எடுங்க."