நாற்பத்தோராம் பக்கம்

"நாற்பத்தோராம் பக்கத்துக்கு வாங்க" என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், மூன்றாவது முறையாக. அவர் கையில் இருந்த சிவப்புப் பேனா மூடி கழற்றியபடியே இருந்தது.

ஆய்வு மாணவி அந்தப் பக்கத்தை மறுபடியும் புரட்டினாள். ஐந்து வருட உழைப்புக்கு இன்று வாய்மொழித் தேர்வு. இவர் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. போடாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக நிற்கிறார்.

திரையில் அவளுடைய ஆய்வுப் பொருள் தெரிந்தது. ஏதோ ஒரு கட்டட வாசலில் காலியான சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் ஒரு தொப்பி. இருக்கைக்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு அகலமான கறுப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்து: 'இதோ வந்துவிடுவார்.'

அந்த மீமைப் பார்க்காதவர் யாரும் இல்லை. வராத அதிகாரி, வராத பேருந்து, வராத மழை எல்லாவற்றுக்கும் அதுதான். அவள் முன்னூறு பக்கத்தில் அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்திருந்தாள். காலி நாற்காலி, ஆளில்லாமலே ஆளும் அதிகாரம். தொப்பி, அதன் முத்திரை. 'வந்துவிடுவார்' என்பது மக்கள் அதிகாரத்தின் முகத்தில் திருப்பி வீசும் எள்ளல்.

"இதை முதல்ல போட்டது யாருன்னே தெரியலைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். எவ்வளவோ தேடினேன். போட்டவர் தன்னோட கணக்கையே மூடிட்டுப் போயிட்டார்."

"ஆளையே தெரியாது. ஆனா நாற்பத்தோராம் பக்கத்துல, 'எள்ளலாகவே உருவாக்கப்பட்டது'ன்னு அடிச்சுச் சொல்றீங்க. பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவளுடைய நெறியாளர் அம்மா குனிந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"படைப்பு கையை விட்டுப் போயிட்டா, படைச்சவர் என்ன நெனச்சாருங்கறதுக்கு மதிப்பில்லை சார். அவர் செத்துட்டதாவே வெச்சுக்கலாம். கோட்பாடு அப்படித்தான் சொல்லுது."

"அப்ப அவர் என்ன நெனச்சாருன்னு நீங்க எதுக்கு எழுதினீங்க?"

அவள் அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தாள். தானே படத்தைத் தயாரித்துத் தானே ஆராய்ந்திருப்பதாக இவர் சந்தேகப்படுகிறாரோ?

பின்வரிசையில் இருந்த அவளுடைய அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே விட்டாள். "சார், இது கிண்டல்னு பச்சைக் கொழந்தைக்குக்கூடத் தெரியும். எங்க வீட்டுக்காரரு பால் வாங்கப் போனா, நான் இந்தப் படத்தைத்தான் அவருக்கு அனுப்பறேன்!"

அறையே சிரித்தது. நெறியாளரும் சிரித்தார். தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"அதிகாரம்னீங்க" என்றார் அவளைப் பார்த்து. "கால்ல கம்பி சுத்தி ஒப்பேத்தி வெச்ச நாற்காலியிலயா அதிகாரம் வந்து உக்காரும்?"

பதில் சொல்வதற்காகத் திரைப் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றாள். கம்பியா? நாற்காலிக்குக் காலே தெரியவில்லையே. அவள் சேர்த்து வைத்திருந்த எண்ணூறு பிரதிகளில் ஒன்றில்கூட அந்தப் பட்டைக்குக் கீழே இருப்பது தெரியாது.

இவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

தேநீர் இடைவேளையில் அக்காவை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னாள். அக்காவின் கண் விரிந்தது. "அப்ப அந்த ஆளேதான்டி! ஊரையே கிண்டலடிச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்காரு பாரு. போய்க் கேளு!"

"கையெழுத்து விழற வரைக்கும் வாயைத் திறக்காதக்கா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கடைசியில் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லார் முன்னாலும் 'போட்டதே நான்தான்' என்பார். அவளுடைய முன்னூறு பக்கமும் ஒரு நொடியில் குப்பை. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் 'உருவாக்கப்பட்டது' என்பதை அடித்து, மேலே 'படிக்கப்பட்டது' என்று எழுதினார். "இதை மட்டும் மாத்திக்குங்க. ஜனங்க அதை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு நீங்க எழுதினதுல ஒரு குறையும் இல்ல." கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

கைதட்டல் ஓயும் முன்பே அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியேறியிருந்தார். அவள் ஓடிப்போய் மாடிப்படியில் பிடித்தாள்.

"சார், அந்தப் படத்தைப் போட்டது நீங்கதானே?"

அவர் இல்லையென்று சொல்லவில்லை.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். ஒண்ணே ஒண்ணு. எந்த அதிகாரியைக் கிண்டல் பண்ணீங்க?"

"அதிகாரி இல்லம்மா. வாட்ச்மேன். எங்கப்பா." படிக்கட்டுக் கைப்பிடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தார். "இருபது வருஷம் அந்த வாசல்லதான் இருந்தாரு. திடீர்னு ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியதாப் போச்சு. அதுக்குள்ள வேற ஆளைப் போட்டுடுவாங்களோன்னு பயந்து, நாற்காலியில அவர் தொப்பியை வெச்சுப் படம் எடுத்தேன். அந்தக் கட்டடத்துக்காரங்க பாக்கட்டும்னுதான் போட்டேன்."

"அப்ப... அதுல எழுதினது?"

"வந்துடுவாருன்னுதாம்மா நெனச்சேன்."